மில்லும் கல்லூரியும் சேர்ந்து ஆராய்ச்சி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் போதனாசிரியராக இருக்கிறேன். அரிசி ஆலைகள், கராஜுகள், உணவு பதனிடும் சிறு நிலையங்கள் ஆகியவற்றின் பிரச்சினைகளை எடுத்து வந்து மாணவர்களோடு சேர்ந்து தீர்த்துப் பார்க்கும் வேலையில் சில வருடங்களாக ஓடித்திரிகிறேன். மில் வாசலிலும் பெற்றோர் கூட்டத்திலும் கமக்காரர் அமைப்பிலும் எங்கள் ஆசிரியர் அறையிலும் வருவது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தந்திருக்கிறேன்.

"ஆராய்ச்சி எண்டால் கம்பஸ் ஆக்கள் செய்யிறதெல்லோ? எங்கட பெடியள் என்னத்தை ஆராயப் போறாங்கள்?"

கம்பஸில் நடப்பதும் ஆராய்ச்சிதான், கேள்விதான் வேறு. நெல்மணி காயும்போது ஏன் வெடிக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. இந்த மில்லில், இந்தத் தளத்தில் காய்கிற நெல் ஏன் இவ்வளவு உடைந்து குருணலாகப் போகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்பது எங்களுடையது. முதலாவதின் விடை எந்த ஊருக்கும் பொருந்த வேண்டும். இரண்டாவதின் விடை அந்த மில்லில் சரிவந்தால் போதும். இதைத்தான் பிரயோக ஆராய்ச்சி என்கிறார்கள்.

பெடியளைப் பற்றிச் சொன்னால், போர்க்காலத்தில் இருந்த பொருளாதாரத் தடையை நினைத்துப் பாருங்கள். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அது ஆராய்ச்சி இல்லாமல் வேறென்ன? ஆனால் எவ்வளவு மண்ணெண்ணெய்க்கு எத்தனை மைல், எஞ்சின் எத்தனை மாதம் தாங்கியது என்று எழுதி வைத்த ஒரு கொப்பியை நான் இன்னும் காணவில்லை. செய்தவர்களோடு அந்தக் கைவேலை போய்விட்டது. செய்து பார்ப்பதில் எங்கள் மண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அளந்து எழுதி, அடுத்தவர் அந்த இடத்திலிருந்து தொடங்கும்படி வைப்பதில்தான் குறை. கல்லூரி சேர்க்க வேண்டியது அதை.

"பொலிடெக்னிக் எண்டு இஞ்சை ஒண்டும் இல்லையே?"

பெயர்தான் இல்லை. எங்களிடம் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தேசிய தொழிற்றகைமையில் 1 முதல் 4 வரையான மட்டங்கள் சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். இந்தப் பக்கத்தில் "கல்லூரி" என்று வரும் இடமெல்லாம் 4 முதல் 6 வரை படிப்பிக்கும் இடங்களையே சொல்கிறேன். வெளிநாடுகளில் பொலிடெக்னிக் என்று சொல்வது ஏறக்குறைய இவற்றைத்தான்.

"ட்ரெயினிங்குக்கு பெடியளை அனுப்புறியள்தானே? அதுதானே இதுவும்?"

இல்லை. ட்ரெயினிங்கில் மில்லுக்குத் தெரிந்ததை மாணவன் பழகுகிறான். இதில் மில்லுக்கும் விடை தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் சேர்ந்து தேட வேண்டும். ட்ரெயினிங்குக்கு வந்த பெடியனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிய மில்காரர்கூட, தன் மெசினின் குறையை ஒருவன் அளந்து காட்டும்போது கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருப்பார். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

"முந்தியும் ஒரு திட்டத்தில மெசின் தந்தவை. துருப்பிடிச்சுக் கிடக்கு. இதுவும் அப்பிடித்தானே முடியும்?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. அவர்கள் பட்டவர்கள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கொட்டிலில் கச்சான் கோது உடைக்கிற மெசின் ஒன்று சாக்கு மூடிக் கிடந்தது. திறப்பு விழா நடந்து, படம் எடுத்து, எல்லோரும் போன பிறகு பெல்ட் அறுந்திருக்கிறது. அந்த அளவில் பெல்ட் எங்கள் கடைகளில் இல்லை. சல்லடையின் கண்ணும் எங்கள் கச்சானுக்குப் பொருந்தவில்லை, பாதிப் பருப்பு நொருங்கி வந்தது. அவ்வளவுதான் கதை.

அந்த மெசினைத்தான் நாங்கள் முதலாவது செயற்றிட்டமாக எடுத்தோம். மாணவர்கள் கச்சானைப் பெரிது, சிறிது என்று பிரித்து அளந்தார்கள். இரண்டு அளவில் சல்லடை செய்தார்கள். கடையில் கிடைக்கிற பெல்டுக்குத் தக்கதாக லேத்தில் புதுப் புல்லி, அதாவது பெல்ட் ஓடுகிற சில்லு, கடைந்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் மெசின் ஓடுகிறது. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டம்: கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்க முடியாத உதிரிப்பாகம் எதையும் வடிவமைப்பில் சேர்ப்பதில்லை.

"என்னட்டை ஒரு மில்லும் மூண்டு வேலையாக்களும்தான் இருக்கு. இது பெரிய கொம்பனிக்குச் சரிவரும், எனக்கு வேண்டாம்."

பெரிய கொம்பனிக்குச் சொந்தமாகவே பொறியியலாளர் இருப்பார். உங்களுக்கு இல்லை. அதனால் இந்த வேலை உங்களுக்குத்தான் கூடுதலாகப் பயன்படும்.

"என்ன பிரச்சினை எண்டாலும் கொண்டு வரலாமோ?"

வங்கிக் கடன், நெல் விலை, மின்சாரக் கட்டணம் ஆகியவற்றுக்கு என்னிடம் மருந்து இல்லை. எண்ணால் அளக்கக்கூடிய, திரும்பத் திரும்ப வருகிற பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு போகமும் போகிற ஒரே பெயரிங், உப்புக் காற்றில் அரிக்கிற இரும்பு, முல்லைத்தீவுக் கரையில் மழைக்குள் காயாத கருவாடு என்று வாருங்கள். "மில் சரியில்லை" என்று வந்தால் என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. "நூறு கிலோவுக்கு இவ்வளவு குருணல் வருகிறது" என்று வந்தால் அன்றே வேலை தொடங்கலாம். எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதை அளப்பதே முதல் மாதத்து வேலை.

"ஒரு உதாரணம் சொல்லுங்கோ. எனக்கு இன்னும் விளங்கேல்லை."

நெல் காயவைப்பதை எடுப்போம். வெட்டு மெசின் வந்த பிறகு ஊர் முழுக்க ஒரே கிழமையில் அறுவடை முடிகிறது. அந்த நெல் ஈரத்தோடு வருகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்துக்கு மேற்பட்ட ஈரத்தை எடுக்காது. தளம் போதாதபடியால் தார் வீதியில் பரப்புகிறோம். பகலில் தார் சுடுகிறது, இரவில் பனி விழுகிறது, மணி சூடேறித் திரும்ப நனைந்து உள்ளே வெடிக்கிறது. அந்த வெடிப்பு மில்லுக்குள் போய்க் குருணலாக வருகிறது. இது போதாதென்று வாகனச் சில்லும் விபத்தும் வேறு.

இப்போது கணக்கைப் பாருங்கள். 20 வீத ஈரத்தோடு 1000 கிலோ நெல் வந்தால் அதில் நீர் 200 கிலோ, காய்ந்த பொருள் 800 கிலோ. 14 வீதத்துக்கு இறக்கினால் மொத்தம் சுமார் 930 கிலோ நிற்கும். அதாவது ஏறக்குறைய 70 கிலோ நீரை வெளியே எடுக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு மூடையின் நிறை. ஒரு கிலோ நீரை ஆவியாக்க சுமார் 2.5 மெகாஜூல் வெப்பம் வேண்டும் என்று வைத்தால் மொத்தம் 175 மெகாஜூல். ஒரு கிலோ உமி எரிந்தால் சுமார் 13 மெகாஜூல் தரும். வெப்பம் ஒரு துளியும் வீணாகாவிட்டால் 14 கிலோ உமி போதும். நாங்கள் செய்கிற அடுப்பில் முக்கால்வாசி வெப்பம் வெளியே போனாலும் 55 கிலோவுக்குள் முடியும். நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு உமி என்பதால் அந்த 930 கிலோ நெல்லிலிருந்தே 180 கிலோவுக்கு மேல் உமி வரும். தன்னைத் தானே காயவைக்கப் போதுமான விறகை நெல்லே கொண்டு வருகிறது!

சரி, அப்படியென்றால் ஏன் எல்லோரும் உமியில் காயவைக்கவில்லை? இங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. புழுங்கல் அவிக்கும் மில்லில் பொயிலருக்கே எவ்வளவு உமி போகிறது? புகை நெல்லில் படாமல் காற்றை எப்படிச் சூடாக்குவது? விதைநெல் என்றால் மணியின் சூடு 43 பாகைக்கு மேல் போகக்கூடாது, போனால் முளைக்காது. அந்தச் சூட்டை ஒரு வேலையாள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எப்படிக் கட்டுப்படுத்துவார்? கரண்ட் நின்றால் புளோவர் நிற்கும், அடுப்பு நிற்காது, அப்போது நெல்லுக்கு என்ன ஆகும்? இவை ஒவ்வொன்றும் இரண்டு மாணவர்களுக்கு ஒரு தவணை வேலை.

"இதுக்கு எவ்வளவு செலவு? ஆர் குடுக்கிறது?"

வெளிநாட்டில் இதற்கென்று வழி போட்டு வைத்திருக்கிறார்கள். சுவிஸில் இன்னோசுவிஸ் என்ற அரச நிறுவனம் கல்லூரியின் ஆய்வுச் செலவை ஏற்கிறது. கொம்பனி தன் பக்கத்திலிருந்து ஏறக்குறைய பாதிப் பங்கைப் போட வேண்டும். யோசனை சரிவருமா என்று முதலில் பார்க்க 15,000 பிராங் வரை ஒரு சிறு உதவியும் உண்டு. கனடாவில் இயற்கை அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி மன்றம் கல்லூரிகளும் உள்ளூர்த் தொழில்களும் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கென்றே தனி நிதித் திட்டம் வைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பொருளாகவும் உழைப்பாகவும்தான் பங்கு. மில்காரர் நெல்லும் இடமும் மெசின் நேரமும் தருவார். கல்லூரி மாணவரையும் லேத்தையும் ஒட்டு வேலையையும் தரும். கைக்காசு தேவைப்படுவது தகரம், மோட்டர், வெப்பமானி, போக்குவரத்து ஆகியவற்றுக்கு. மில் அரை நாள் நின்றால் அதுவும் செலவு, அதையும் தொகையாக எழுதச் சொல்கிறேன். இன்னொன்று: முழுக்க இலவசமாகச் செய்து தாருங்கள் என்றால் இப்போது நான் மறுத்துவிடுகிறேன். கொஞ்சமாவது கைக்காசு போட்டவர் மட்டும்தான் பெல்ட் அறுந்த அன்று தொலைபேசி எடுக்கிறார்.

"ஆறு மாதத்தில முடிச்சுத் தருவியளோ?"

மாதக் கணக்கை விட எந்த மாதம் என்பது முக்கியம். இதை நான் அடிபட்டுத்தான் படித்தேன். முதலாவது உலர்த்தியைச் செய்து முடித்தபோது சித்திரை வந்துவிட்டது. அழகாக நின்றது, உள்ளே போட ஈர நெல் இல்லை. காலபோக அறுவடை தை, மாசி, பங்குனியோடு முடிந்திருந்தது. சிறுபோக அறுவடை ஆவணி வரை காத்திருந்தோம். அதற்குள் செய்த மாணவர்கள் ட்ரெயினிங்குக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு உலர்த்தியில் இருந்த ஒரு வளைவு ஏன் அங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இப்போது பின்னோக்கி எண்ணுகிறோம். மாசியில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்றால் கார்த்திகை, மார்கழியில் செய்து முடிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆவணியில் மில்லில் அளவுகள் எடுத்திருக்க வேண்டும். சிறுபோகத்தை முழுதாக நம்பவும் முடியாது. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். கல்லூரியின் தவணை அட்டவணை குளத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை. ஆகவே பங்காளித்துவம் பேசப் போகும்போது போக நாட்காட்டியையும் தவணை நாட்காட்டியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

"புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்து வைச்சாச்சு. பிறகென்ன?"

பிறகுதான் எல்லாம். புரிந்துணர்வு உடன்படிக்கை, நாங்கள் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறோம் என்று சொல்லும் கடிதம். அதில் வேலை இல்லை. அதோடு இன்னும் ஒரு தாள் வேண்டும்: என்ன பிரச்சினை, இப்போதைய அளவு எவ்வளவு, எந்த அளவுக்கு வந்தால் சரி, யார் யார், எந்த மாதம், என்ன செலவு, உண்டாவது யாருக்குச் சொந்தம். ஒரே தாள், தமிழில். மில்லில் வேலை செய்பவரும் வாசிக்க வேண்டும், ஏனென்றால் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான்.

"பிள்ளைக்குக் கை கால் பட்டால் ஆர் பொறுப்பு?"

இதைத் தொடங்க முதல் எழுதி முடிக்க வேண்டும். மாணவர் மில்லின் தொழிலாளி இல்லை. ஆகவே தொழிலாளருக்கு இருக்கிற பாதுகாப்பு அவருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அனுப்பக்கூடாது. கல்லூரி மாணவருக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறதா, அது வெளியிடத்தில் நடப்பதற்கும் செல்லுமா என்று அதிபரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பொயிலர் உள்ள மில் என்றால் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி அது பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை என் கண்ணால் பார்க்காமல் நான் பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. பெல்டுக்கு மறைப்பு இல்லாத மில்லில் முதல் வேலை மறைப்புச் செய்வது. ஆராய்ச்சி அதற்குப் பிறகு.

"பொம்பிளைப் பிள்ளையை இரவில மில்லுக்கு விடுவியளோ சேர்?"

ஒரு தாய் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். சரியான கேள்வி. இரவில் ஒருவரையும் விடுவதில்லை, ஆண் பிள்ளையையும்தான். பகலிலும் தனியாக ஒருவர் போவதில்லை, போக்குவரத்து கல்லூரியின் பொறுப்பு. மில்லில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று முதல் நாளே பார்ப்பேன். இல்லையென்றால் அதைச் சொல்லித் திருத்தச் சொல்வேன்.

இரவு அளவுகள் தேவைப்பட்டபோது மாணவிகள் வேறு வழி கண்டார்கள். ஈரம் பார்க்கிற மீற்றரை எப்படிப் பிடிப்பது என்று இரவுக் காவலுக்கு இருக்கும் ஐயாவுக்குப் பழக்கி, ஒரு கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பிசகாமல் எழுதி வைத்தார். எங்கள் அறிக்கையில் அவருடைய பங்கும் எழுதப்பட்டிருக்கிறது.

"சரிவராமல் போனால் பெடியனுக்கு மார்க் குறையுமோ?"

குறையக்கூடாது. மெசின் வெற்றிக்கு மார்க் என்றால் மாணவன் அளவைக் கூட்டிக் குறைத்து எழுதத் தொடங்குவான், அதைவிடக் கேடு இல்லை. நாட்குறிப்பு, அளந்த முறை, ஏன் சரிவரவில்லை என்பதற்கான விளக்கம் இவற்றுக்குத்தான் நாங்கள் மார்க் போடுகிறோம். கருவாட்டுக்குப் போட்ட பிளாஸ்ரிக் கூடாரம் ஒன்று கார்த்திகை மழையில் படுதோல்வி. உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் மீன் பூஞ்சணம் பிடித்தது. அந்த மாணவர்கள் ஒவ்வொரு மணித்தியாலமும் எடுத்த ஈரப்பத அளவுகள் இருந்தபடியால் அடுத்த குழு காற்றுப்போக்கி எங்கே வேண்டும் என்பதிலிருந்து தொடங்கியது.

"எங்களுக்கு ஏற்கனவே பாடம் தலைக்கு மேல. இதுக்கு ஆசிரியர்மாருக்கு என்ன கிடைக்கும்?"

என் சக ஆசிரியர்கள் கேட்பது. நியாயமான கேள்வி, எனக்கும் இதில் மனவருத்தம் உண்டு. ஜேர்மனியின் தொழில்முறை உயர்கல்லூரிகளில் பேராசிரியராக வர பொதுவாக ஐந்து வருடத் தொழில் அனுபவம் வேண்டும், அதில் மூன்று வருடமாவது உயர்கல்விக்கு வெளியே. கிழமைக்கு 18 மணித்தியாலம் படிப்பிக்க வேண்டும் என்பது அங்கே வழமை, ஆய்வு செய்பவருக்கு அதில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். தொழிலிலிருந்து வந்தவர் தொழிலோடு பேசுவது அங்கே இயல்பாக நடக்கிறது.

எங்களுக்கு அந்த நேரக் குறைப்பு கிடைக்க வேண்டும். ஒரு செயற்றிட்டத்துக்குக் கிழமையில் ஒரு அரை நாளாவது அட்டவணையில் அதிகாரபூர்வமாக எழுதப்பட வேண்டும். அதுவரைக்கும் ஒரு ஆசிரியர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு செயற்றிட்டம்தான் எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூன்றை எடுத்து மூன்றையும் அரைகுறையாக விட்டால் நம்பிக்கை போகும், அதைத் திரும்பக் கட்ட ஒரு போகம் போதாது.

"கம்பஸ் பக்கத்தில இருக்கு. அவையளை விட்டிட்டுச் செய்யிறதோ?"

விடவே கூடாது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஆவணி 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆய்வுகூடப் பரிசோதனை அவர்களிடம், செய்து பொருத்துவது எங்களிடம் என்றால் நன்றாகப் போகும். ஒன்றைத் தொடங்க முதல், அநுராதபுரத்தில் உள்ள அறுவடைக்குப் பின்னான முகாமைத்துவ நிறுவகமும் ஏக்கலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையமும் அதே விடயத்தில் ஏற்கனவே என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

"கண்டுபிடிச்சது ஆருக்குச் சொந்தம்? பெடியனுக்கோ, கல்லூரிக்கோ, எனக்கோ?"

எழுதி வைத்தால் எழுதியபடி. எழுதாவிட்டால் சிக்கல். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்திலோ ஒரு வேலையைச் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்திலோ உண்டான கண்டுபிடிப்பு, வேறுவிதமாக எழுதப்படாதவரை, வேலை கொடுத்தவருக்கு அல்லது செய்விக்கச் சொன்னவருக்குச் சேரும். எதிர்பார்த்ததை விட மிகப் பெரிய பெறுமதி அதில் வந்தால் கண்டுபிடித்தவருக்கு நியாயமான கொடுப்பனவு கேட்க உரிமை உண்டு. ஆனால் மாணவர் உங்கள் வேலையாளும் இல்லை, கல்லூரியின் வேலையாளும் இல்லை. ஆகவேதான் முன்பு சொன்ன அந்த ஒரு தாளில் இதற்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

அதோடு ஒரு விடயம். நாங்கள் செய்வதில் பெரும்பகுதிக்குப் பேடன்ட், அதாவது ஆக்கவுரிமை, கிடைக்காது. அதற்குப் புதுமை வேண்டும், துறை தெரிந்தவருக்கு உடனே தோன்றாத ஒரு படி வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். கோது உடைக்கும் மெசினின் புல்லியை மாற்றியது அதற்குள் வராது. கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். பொருளின் தோற்றம் புதிது என்றால் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம், அது 5 வருடம், இரண்டு முறை புதுப்பிக்கலாம். உரிமை யாருடையதாக இருந்தாலும் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மாணவரின் பெயர் வரவேண்டும். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"பெடியங்கள் முகநூலில படம் போட்டிட்டாங்கள். இனிப் பேடன்ட் எடுக்கேலாதோ?"

எங்கள் நாட்டில் அவசரப்பட்டால் எடுக்கலாம். விண்ணப்பிப்பவரே வெளியிட்டிருந்தால், அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீட்டைச் சட்டம் கணக்கில் எடுக்காது. ஆனால் ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பொதுச் சலுகை இல்லை, அங்கே புதுமை போய்விட்டது. கல்லூரிக் கண்காட்சிக்கும் இதே சட்டம்தான். ஆகவே முதலில் விண்ணப்பம், பிறகு படம். முந்தைய விடையில் சொன்னபடி பேடன்டுக்குரிய வேலை இல்லையென்றால் தாராளமாகப் போடட்டும், பெடியளுக்கும் ஒரு சந்தோசம்.

"எல்லாம் பழகிப்போட்டு கனடா போயிடுவாங்கள். பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

போவார்கள், தடுக்க நாங்கள் யார்? ஆனால் வரைபடமும் அளவும் திருத்தும் முறையும் தமிழில் எழுதி மில்லில் ஒரு பிரதி, கல்லூரியில் ஒரு பிரதி இருந்தால் அவன் தலையில் இருந்த அறிவு இங்கே நிற்கும். உலர்த்தியில் அந்த வளைவு ஏன் என்று தெரியாமல் நின்ற கதையை மேலே சொன்னேன், அதற்குப் பிறகுதான் இது கட்டாயமாயிற்று. ஒப்படைக்கும் நாளில், செய்த மாணவர் பேசாமல் நிற்க, மில் வேலையாள் அந்தத் தாளை மட்டும் பார்த்து மெசினைக் கழற்றிப் பூட்ட வேண்டும். அது முடியாவிட்டால் தாளைத் திருத்தி எழுத வேண்டும்.

"வெளிநாட்டில இருக்கிற அண்ணை காசு போடுறன் எண்டுறார். நல்ல மெசினா ஒண்டு இறக்குவமே?"

அண்ணைக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் மெசினை இறக்க வேண்டாம், முதலில். கோது உடைக்கும் மெசினின் கதை இதுதானே. அந்தக் காசில் சிறு பகுதியை அளக்கும் கருவிகளுக்குப் போடச் சொல்லுங்கள்: நல்ல ஈர மீற்றர், வெப்பமானிகள், ஒரு தராசு. ஒரு போகம் அளந்த பிறகு மெசின் தேவையா, இருக்கிற தளத்துக்குக் கூரை போட்டால் போதுமா என்று தெரியும். தேவை என்றால் எந்த அளவில் என்றும் தெரியும். அண்ணை அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர் என்றால் காசை விட அவருடைய அனுபவத்தைக் கேளுங்கள். கிழமையில் ஒரு மணித்தியாலம் திரையில் வந்து மாணவரின் வரைபடத்தைப் பார்த்து "இந்த இடத்தில் ஒட்டு விடும்" என்று சொல்கிற ஒருவர் எங்களுக்குப் பெரிய சொத்து.

"என்ர மில்லில கண்டுபிடிச்சதை அடுத்த மில்காரனுக்கும் செய்து குடுப்பியளோ?"

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இது. காசும் நெல்லும் போட்டவர் நீங்கள். அதேநேரம் கல்லூரி பொதுமக்களின் காசில் நடப்பது. அடுத்த மில்லிலும் எங்கள் ஊர் நெல்தான் வெடிக்கிறது. மாணவர் அறிக்கை எழுதிக் கொடுக்காமல் தகைமை பெறவும் முடியாது, ஆகவே முழுக்க மூடி வைக்கலாம் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

நாங்கள் இப்போது எழுதுவது இப்படி. மில்லின் கணக்கு, வாடிக்கையாளர், வாங்கிய விலை, விற்ற விலை இவை எந்தக் காலத்திலும் வெளியே வராது, அறிக்கையிலும் இருக்காது. மெசினின் வரைபடமும் அளவுகளும் பரீட்சித்த நாளிலிருந்து ஒரு முழுப் போகத்துக்கு அந்த மில்லுக்கு மட்டும். அதற்குள் அவர் முந்திக்கொள்ளலாம். அந்தப் போகம் முடிந்ததும் பிரதி கல்லூரி நூலகத்துக்குப் போகும். யாரும் வந்து பார்த்துக் கொப்பி எடுக்கலாம், அடுத்த மில்காரரும்தான்.